மங்கிய செல்லைப் பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள்

மருந்துக்கு மசியாத புற்றுநோய்ச் செல்களோடு வேலை செய்யப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு, ஒளிரும் சாயங்களோடு வெகுகாலம் பழகியவன் சொல்வது:

1. பம்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1973இல் டென்மார்க்கின் கெல்ட் டானோ, மருந்தெதிர்ப்புள்ள கட்டிச் செல்கள் டௌனோமைசின் மருந்தை ஆற்றல் செலவழித்து வெளியே தள்ளுவதைக் காட்டினார். 1976இல் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் சீன ஹாம்ஸ்டரின் சூலகச் செல்களில் பி-கிளைக்கோபுரோட்டீனை அடையாளம் கண்டார்கள். சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கும் அந்தப் புரதம்தான் பம்ப்; அது ஏடிபியை உடைத்து இயங்குகிறது. உருவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மருந்துகளைப் பிடிக்கும். ரோடமின் 123 போன்ற சாயங்களையும் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத மருந்தின் போக்கைச் சாயத்தை வைத்து நாம் அளப்பது இதனால்தான்.

2. ஓட்டைப் படகில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாயம் தானாகக் கசிந்து உள்ளே வருகிறது, பம்ப் இறைக்கிறது. நீங்கள் அளப்பது மிச்சம் நிற்பதை மட்டும். அந்த மிச்சம் குறைய வேறு காரணங்களும் உண்டு. ரோடமின் 123 மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தை நம்பிச் சேர்கிறது. மைட்டோகாண்ட்ரியா சோர்ந்தாலும் செல் மங்கும். ஆகவே பம்பின் தடுப்பான் சேர்த்த குழாய் ஒன்று, சேர்க்காத குழாய் ஒன்று எப்போதும் இருக்கட்டும். இரண்டிலும் கரைப்பான் ஒரே அளவு. தடுப்பான் சேர்த்ததும் ஒளி ஏறினால்தான் பம்பைப் பற்றிப் பேசலாம்.

3. சாயத்தை ஏற்றுவதும் வெளியேற்ற விடுவதும் 37 டிகிரியில். மற்ற நேரமெல்லாம் ஐஸில்.

4. கால்சீன்-ஏஎம்மை ரோடமின் போல நடத்தாதீர்கள். அது தானாக ஒளிராது. செல்லுக்குள் எஸ்டரேஸ் நொதி வெட்டிய பிறகே பச்சை ஒளி வரும். வெட்டுப்பட்ட கால்சீனைப் பி-கிளைக்கோபுரோட்டீன் சீண்டுவதில்லை. பிறகு ஏன் எதிர்ப்புச் செல் இருண்டு கிடக்கிறது? வெட்டுப்படும் முன்பே, சவ்வில் இருக்கும்போதே, பம்ப் பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறது. 1993இல் ஹோமோல்யா, ஷர்காடி குழுவினர் இதைக் காட்டினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை அதுதான். எனவே இந்தச் சாயத்தில் ஏறும் வேகத்தை அளங்கள். ஏற்றிவிட்டு இறங்குமென்று காத்திருந்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் எம்ஆர்பி1 என்ற பம்ப் வெட்டுப்பட்ட கால்சீனையும் வெளியேற்றும்.

5. ஹோக்ஸ்ட் 33342 எடுத்தால் பொறுமை வேண்டும். 1996இல் குடெல் குழுவினர் எலியின் எலும்பு மச்சையில் ரத்த மூலச்செல்களை இந்தச் சாயத்தால் பிரித்தபோது, மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், 90 நிமிடம் என்று வைத்தார்கள். செல் எண்ணிக்கையோ நேரமோ சற்று மாறினாலும் படம் மாறிவிடும். உங்கள் செல்லுக்குப் பொருந்தும் அளவை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சாயத்தை ஏபிசிஜி2 என்ற பம்பும் இறைக்கும். அதற்குத் தனித் தடுப்பான் கேஓ143.

6. எதிர்ப்புச் செல்களை மருந்திலேயே வளர்ப்பது வழக்கம். சோதனைக்குச் சில நாள் முன்பே மருந்தில்லாத ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்த மருந்து டாக்சோரூபிசின் என்றால், அது தானே சிவப்பாக ஒளிரும், பம்பில் சாயத்தோடு போட்டியும் போடும்.

7. செல்லின் பிறப்பைச் சரிபாருங்கள். எம்சிஎஃப்-7/ஏடிஆர் என்ற செல்வரிசையை மார்பகப் புற்றுநோய்ச் செல் என்று நம்பிப் பல ஆண்டுகள் எம்சிஎஃப்-7 உடன் ஒப்பிட்டார்கள். அது உண்மையில் ஓவிகார்-8 என்ற சூலகப் புற்றுநோய்ச் செல்லின் வழிவந்தது என்று பின்னர் மரபணுச் சோதனை சொன்னது. அதன் பம்ப் பொய்யில்லை. ஒப்பிட வைத்த தாய்ச்செல்தான் தாய் இல்லை. புதுக் குப்பி வந்தால், சாயத்தைத் திறக்கும் முன் எஸ்டிஆர் என்ற மரபணு அடையாளச் சோதனைக்கு அனுப்புங்கள்.