கொல்லாத வேட்டை

நுழையும்முன்

காட்டு விலங்கை அதன் இருப்பிடத்திலேயே, இயல்பு கெடாமல் படமெடுப்பது இன்று வளர்ந்துவரும் கலை. அதன் வேர்களுள் ஒன்று வேட்டையில் இருக்கிறது. வேட்டைக்காரர் ஒருவர், கற்ற திறனைக் கைவிடாமல் கருவியை மட்டும் மாற்றிக்கொண்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இருளில் மின்னும் கண்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் தென்கரைக் காடுகள் வெள்ளைவால் மான்களின் வாழிடம். அங்கு ஓஜிப்வே பழங்குடியினர் படகின் முனையில் தீ மூட்டி, இரவில் நீரருகே மேயும் மான்களை நெருங்கினர். மானின் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியை எதிரொளிப்பதால் அதன் கண்கள் இருளில் மின்னும். ஒளியையே நோக்கி நிற்கும் மான், அதன் பின்னிருக்கும் மனிதரைக் காணாது. மின்னும் கண்களே வேட்டைக்காரருக்குக் குறி.

இளமை முதல் அக்காடுகளில் வேட்டையாடியவர் மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ் (1859–1942). இம்முறையைக் கற்ற அவர், துப்பாக்கியின் இடத்தில் ஒளிப்படக் கருவியை வைத்தார். ஓசையின்றிப் படகைச் செலுத்தி, மானை அணுகியதும் மக்னீசியத் தூளைக் கொளுத்தினார். கண்ணிமைக்கும் நேரத்தில் மான் படமானது. மானின் தடத்தில் கயிறு கட்டி, அது கயிற்றைத் தொட்டதும் தானே படம் பதியும் அமைப்பையும் கையாண்டார். இன்று காடுகளில் பொருத்தப்படும் தானியங்கி ஒளிப்படக் கருவிகளுக்கு அதுவே முன்னோடி.

படங்கள் ஆற்றிய பணி

1906ஆம் ஆண்டு ஜூலை மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழ் ஷைராஸின் 74 படங்களை வெளியிட்டது. இரவில் ஏரிக்கரையில் நிற்கும் உயிருள்ள மானைப் படிப்போர் இல்லத்திலிருந்தே கண்டனர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, வலசைப் பறவைகளைக் காக்கும் சட்ட முன்வரைவையும் அவர் 1904இல் கொண்டுவந்தார். யெல்லோஸ்டோன் பகுதியில் அவர் கண்ட மூஸ் மான் வகைக்கு 1914இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

இடைவெளி என்னும் அறம்

ஆயினும், வெடித்தெழுந்த மக்னீசிய ஒளி மான்களை மிரளச் செய்தது. கொல்லாத கருவியும் துன்பம் தரக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. குளிர்காலத்தில் மிரண்டோடும் மான், சேமித்த ஆற்றலை வீணே இழக்கிறது. இலையுதிர்கால இணைசேர் பருவத்தில் ஆண் எல்க் மான், நெருங்குவோரைத் தாக்கவும் கூடும். எனவே, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மான், எல்க் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 23 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. தொலைவிலிருந்தே படமெடுக்கும் வில்லைகள் இன்று அதற்குத் துணைபுரிகின்றன.

படமெடுத்து முடித்த பின்னரும் மான் தலைநிமிராமல் மேய்ந்துகொண்டிருக்குமாயின், அதுவே அக்கலைஞரின் வெற்றி.