மேகத்தில் விதை தூவினால் மழை வருமா?



ஜனவரி, பெப்ரவரி வெயில் வந்தால் நமக்கு இரண்டு கவலை. மலையில் கொழுந்து குறையும். பீலியில் தண்ணீர் நூல் போல வடியும். கொழுந்து இல்லாவிட்டால் பேரும் குறையும். 1991இல் நமது நாட்டில் சுமார் 24 கோடி கிலோ தேயிலை உற்பத்தியானது. கடும் வரட்சி வந்த 1992இல் அது சுமார் 18 கோடி கிலோவாக இறங்கியது. அந்த வருடத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படியான நேரத்தில் பீலிக்கரையில் ஒரு பேச்சு எழும். “பிளேன்ல போயி மேகத்துல மருந்து தூவுனா மழை கொட்டுமாமே அக்கா, அத ஏன் அடிக்கடி செய்யிறாங்க இல்ல?” நியாயமான கேள்விதான். விடையைப் பார்ப்போம்.

மழைத்துளி எப்படி உருவாகிறது?

கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். பொடிப்பொடியாக நீர்த்துளிகள் ஒட்டியிருக்கும். சின்னத் துளி விழாது. பல துளிகள் ஒன்று சேர்ந்து கனத்தால்தான் கீழே சொட்டும். மேகத்திலும் இதுதான் நடக்கிறது. அங்கே உள்ள துளிகள் மிகமிகச் சிறியவை, காற்றிலேயே மிதக்கும். ஏறக்குறைய பத்து இலட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி ஆகும்.

அந்தத் துளிகளைச் சேர வைக்கத்தான் “விதை” தூவுகிறார்கள். நமது நாட்டைப் போன்ற சூடான இடங்களில் உப்புத் தூள் தூவப்படும். போத்தலில் வைத்த உப்பு மழைக்காலத்தில் கசிகிறது அல்லவா? அதுபோல மேகத்திலும் உப்பு ஈரத்தை இழுத்துப் பெரிய துளியாகும். குளிர் நாடுகளின் மேகங்களுக்கு வெள்ளி அயடைட்டு என்ற பொருளைப் பாவிப்பார்கள். அதைச் சுற்றி நீர் உறைந்து பனியாக விழும்.

இது எப்போது தொடங்கியது?

1946 நவம்பரில் அமெரிக்காவில் வின்சன்ட் ஷேஃபர் என்பவர் விமானத்தில் ஏறி, உலர்பனியை, அதாவது உறைய வைத்த காபனீரொட்சைட்டை, மேகத்தில் தூவினார். மேகத்திலிருந்து பனி விழுந்தது. ஆனால் நிலத்தைத் தொடுமுன் காற்றிலேயே மறைந்துவிட்டது. தாய்லாந்தில் மன்னர் பூமிபோலின் முயற்சியால் 1969இல் செயற்கை மழைப் பரிசோதனை தொடங்கியது. அந்த நாட்டு நிபுணர்களின் உதவியோடுதான் 2019 மார்ச்சில் நமது மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே விமானப்படை விமானம் பறந்து மருந்து தூவியது. மின்சார சபைக்கு நீர் தேவைப்பட்ட நேரம் அது. அன்று மழையும் பெய்தது.

“அப்போ இது நல்ல வழிதானே?” என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் கவனம் தேவை. விதை தூவுவது மேகத்தை உண்டாக்காது. ஏற்கனவே ஈரம் நிறைந்த மேகம் இருந்தால்தான் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்கலாம். மடி வற்றிய மாட்டை எத்தனை தடவை தடவினாலும் பால் வருமா? வரட்சி கடுமையான நாளில் வானம் வெறிச்சென்று இருக்கும். நமக்கு மழை அதிகம் தேவைப்படும் நாளில்தான் இந்த வித்தை கைவிடும். தூவிய பிறகு மழை பெய்தாலும், அது தூவியதால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா என்று பிரித்தறிவதும் கடினம்.

எவ்வளவு கிடைக்கும்?

2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் விஞ்ஞானிகள் ராடார் வைத்து நுணுக்கமாக அளந்தார்கள். ஒரு நாள் தூவியதில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பனி விழுந்தது. பெரிய பரப்பில் விழுந்ததால் மொத்த நீர் அதிகம். ஆனால் ஓரிடத்தில் விழுந்தது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு மாத்திரம். பெரிய அணைக்கட்டுக்கு அது உதவலாம். காய்ந்த தேயிலைச் செடியின் வேருக்குப் போதாது.

இதை நமது கூரையில் வைத்துக் கணக்குப் பாருங்கள். இருபது சதுர மீற்றர் தகரக் கூரையில் அந்தளவு விழுந்தால் 2 லீற்றர் நீர்தான். சாதாரணமாக ஒரு நாள் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதே கூரையில் 200 லீற்றர்! ஒரு பீப்பாய் நிறைந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் அதை நாம் கானில் ஓட விடுகிறோமே!

ஆகையால் வானத்தைப் பார்த்துக் காத்திருக்காமல், வந்த மழையைப் பிடித்து வைப்போம்.

● கூரை ஓரத்தில் பீலி கட்டி, மூடியுள்ள பீப்பாயில் நீரைச் சேருங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை விட்டுவிடுங்கள். மூடாவிட்டால் நுளம்பு பெருகும். குடிப்பதானால் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

● ஊற்றுக்கு மேலே உள்ள மரங்களை விறகுக்கு வெட்டாதீர்கள். அந்த வேர்கள்தான் மழையை மண்ணில் இறக்கிப் பீலிக்கு அனுப்புகின்றன.

● வீட்டுத் தோட்டத்தில் மரக்கறிப் பாத்தியை இலைதழையால் மூடுங்கள். ஈரம் நிற்கும். கவ்வாத்து மலையில் வெட்டிய கிளைகளைச் செடியடியில் பரப்புவதும் இதற்காகத்தான்.

விமானம் நமது கையில் இல்லை. பீப்பாயும் ஊற்றும் நமது கையில்தான் இருக்கின்றன. அடுத்த மழைக்கு முன்பே லயத்தில் நாலு குடும்பம் கூடிப் பேசுங்கள்.