மகன் கேட்கும் கேமிங் லேப்டாப்

கேள்வி: என் மகன் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறான். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். படிப்புக்கே தேவை என்று சொல்லி கேமிங் லேப்டாப் கேட்கிறான். எங்களால் 80,000 ரூபாய் வரை புரட்ட முடியும். 55,000 ரூபாய்க்கே நல்ல லேப்டாப் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். விளையாடுவதற்குத்தான் கேட்கிறானோ என்று அவன் அப்பாவுக்குச் சந்தேகம். எதை வாங்குவது?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: விளையாடவும்தான் கேட்கிறான். அந்த வயதுப் பையன் அப்படி ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் படிப்பையும் விளையாட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் முடிவெடுக்க முடியாது.

படிப்பை முதலில் பார்ப்போம். ஆரம்ப ஆண்டுகளில் அவன் சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ் இவற்றைத்தான் படிக்கப்போகிறான். கேமிங் லேப்டாப்பில் இருக்கும் தனி கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் வேலையே இல்லை. நல்ல பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். பின்னால் மெஷின் லேர்னிங் பக்கம் போனால் என்விடியா கார்டு கை கொடுக்கும். ஆனால் மாணவர்கள் செய்யும் அளவிலான பயிற்சிகளுக்கு, நேர வரம்போடு, கூகுள் கோலாப் என்ற இணையச் சேவை இலவசமாகவே அந்த வசதியைத் தருகிறது. மகன் ஆர்க்கிடெக்சரோ அனிமேஷனோ எடுத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

அடுத்து, அவன் என்ன விளையாடுகிறான் என்று கோபப்படாமல் கேளுங்கள். வாலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவை இப்போது வரும் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடிவிடும். சைபர்பங்க் 2077, பிளாக் மித்: வூகாங் என்று சொன்னால் கார்டு இல்லாமல் திருப்தியாக ஓடாது.

ஹாஸ்டல் வாழ்க்கையையும் யோசிக்க வேண்டும். கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். சார்ஜரே அரை கிலோவைத் தாண்டும். பேட்டரியில் விளையாடினால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், சார்ஜும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத் தீர்ந்துவிடும். பிளக் பாயின்ட் பக்கத்திலேயே உட்கார வேண்டிய மெஷின் அது. தினமும் வகுப்புக்குத் தூக்கிப்போகிறவனுக்கு ஒன்றரைக் கிலோ லேப்டாப்தான் உண்மையான துணை.

அதனால் என் யோசனை: இப்போது 55,000 ரூபாய் லேப்டாப்பை வாங்கிக் கொடுங்கள். மீதிப் பணத்தை அவன் பெயரிலேயே வங்கியில் போட்டு, அதை அவனிடமும் சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் தேவை தெளிவாகத் தெரியும்போது அவனே முடிவெடுக்கட்டும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும், அறையில் வைத்துத்தான் பயன்படுத்துவேன், பெரிய கேம்களும் வேண்டும் என்று அவன் உறுதியாகச் சொன்னால் கேமிங் லேப்டாப்பே வாங்குங்கள். ஆனால் கடையில் ஏமாந்துவிடக் கூடாது. பெட்டியில் 'ஆர்டிஎக்ஸ் 4060' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரில் வரும் அந்த லேப்டாப் கார்டு, மாடலைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை மின்சாரம் எடுக்கும்படி அமைக்கப்படுகிறது. வாட் மிகவும் குறைந்தால் வேகமும் கணிசமாகக் குறையும். மெல்லிய லேப்டாப்களில் சூட்டைக் கட்டுப்படுத்தவே இப்படிக் குறைக்கிறார்கள். விளம்பர அட்டையில் அந்த எண் பெரும்பாலும் இருக்காது. கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டு 'டிஜிபி' (கார்டின் வாட் அளவு) எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு எண்ணைத் தேடிப் பிடிக்க உங்கள் மகனுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

திரையையும் கவனிக்க வேண்டும். விலையைக் குறைக்கப் பல மாடல்களில் வெளிறிய திரையைப் பொருத்திவிடுகிறார்கள். நிற அளவு '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள். '100% எஸ்ஆர்ஜிபி' நல்லது. ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் பிறகு கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டு போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, அதைப் பின்னால் மாற்ற முடியாது. எனவே பணம் பத்தவில்லை என்றால் ரேமில் குறைத்துக்கொள்ளுங்கள், கார்டில் குறைக்காதீர்கள்.

வாங்கியதும் மகனிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மெத்தை மேல் வைத்து விளையாடக் கூடாது. காற்று உள்ளே போகும் துவாரங்கள் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கின்றன. மெத்தை அவற்றை அடைத்துவிடும். மேசை இல்லாத அறை என்றால், லேப்டாப்போடு சேர்த்து ஒரு சின்ன மடக்கு மேசையும் வாங்கி அனுப்புங்கள்.