காணாமல் போன நிருபர்: சஸ்பென்ஸ் கதையும் ஒரு நிஜ வழக்கும்

(மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு)



"மைக்ரோ பிராசஸர் பற்றி எழுதுவான்னு பார்த்தா, மர்மக்கதையைப் பற்றிப் பாடம் நடத்த வந்துட்டானே!" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். நம்மில் எத்தனை பேர் தலையணைக்கு அடியில் ராஜேஷ்குமாரையும், பட்டுக்கோட்டை பிரபாகரையும், சுபாவையும் வைத்துக்கொண்டு தூங்குகிறோம்? கணேஷ் - வசந்தைத் தெரியாதவர் ஹாஸ்டலில் உண்டா? விரும்பிப் படிக்கிற ஒரு விஷயம் எப்படி இயங்குகிறது என்று கழற்றிப் பார்ப்பதுதானே டிப்ளமா படிப்பவனின் குணம்! மோட்டாரைக் கழற்றுகிற மாதிரி இன்று ஒரு சஸ்பென்ஸ் கதையைக் கழற்றிப் பார்ப்போம். பிறகு அதன் பக்கத்தில் ஒரு நிஜ வழக்கை வைத்துப் பார்ப்போம்.

1. சஸ்பென்ஸ் என்றால் என்ன?

திகிலும் சஸ்பென்ஸும் ஒன்றல்ல. சினிமா மேதை ஆல்பிரட் ஹிட்ச்காக் இதற்கு ஓர் உதாரணம் சொல்வார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவனுக்குச் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டை முன்கூட்டியே ரசிகனுக்குக் காட்டிவிட்டால்? அதே வெட்டிப் பேச்சு இப்போது தாங்க முடியாத வேதனையாகிவிடும். "அடப்பாவிகளா, எழுந்து ஓடுங்கடா!" என்று நாமே கத்துவோம். ஆக, தெரியாததால் வருவது அதிர்ச்சி. பாதி தெரிந்ததால் வருவது சஸ்பென்ஸ்.

காணாமல் போன நிருபர் கதை இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். சாதாரண ஆள் காணாமல் போனால் "எங்கே போனார்?" என்ற ஒரு கேள்விதான். நிருபர் காணாமல் போனால் கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது: "அவருக்கு என்ன தெரிந்திருந்தது?" ஆளைத் தேடப் போகிறவன் ரகசியத்தையும் தேடியாக வேண்டும். அதோடு ஒரு சின்ன ஊரைச் சேர்த்துவிட்டால் கதை முழுமை பெறுகிறது. டீக்கடைக்காரர் முதல் இன்ஸ்பெக்டர் வரை எல்லாருக்கும் ஏதோ தெரியும். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். இதுதான் ஃபார்முலா.

இந்த ஃபார்முலாவை நிஜத்தில் சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது உக்ரைன் நாட்டு வழக்கு.

2. செப்டம்பர் 16, 2000

ஜார்ஜி கொங்காட்ஸே. தந்தை ஜார்ஜிய நாட்டவர், தாய் லெஸ்யா உக்ரைன்காரர். 2000 ஏப்ரலில் 'உக்ராயின்ஸ்கா பிராவ்தா' என்ற பெயரில் இன்டர்நெட்டில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். அச்சகமும் பேப்பரும் வாங்க வசதி இல்லாத சில பேர் சேர்ந்து நடத்திய சின்னப் பத்திரிகை அது. ஆனால் ஜனாதிபதி லியோனிட் குச்மாவைச் சுற்றியிருந்தவர்களின் ஊழலைப் பற்றித் துணிந்து எழுதியது.

அந்த ஜூலை மாதமே, தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அரசின் தலைமை வழக்கறிஞருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பயன் இல்லை. செப்டம்பர் 16 இரவு, தலைநகர் கீவில் சக பத்திரிகையாளர் ஒருவரின் வீட்டிலிருந்து தன் வீட்டுக்குக் கிளம்பினார். வீட்டில் மனைவி மிரோஸ்லாவாவும் இரட்டைப் பெண் குழந்தைகளும் காத்திருந்தார்கள். அவர் வந்து சேரவே இல்லை. அப்போது அவருக்கு வயது 31.

கவனித்தீர்களா? மேசைக்கு அடியில் குண்டு இருக்கிறது என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார்! ஹிட்ச்காக் கதையில் ரசிகன் கத்துகிறான், பாத்திரத்துக்குக் கேட்காது. இங்கே பாத்திரமே கத்தியது, கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

3. தராஷ்சா என்னும் சின்ன ஊர்

கீவுக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர் தராஷ்சா. 2000 நவம்பர் தொடக்கத்தில் அதன் பக்கத்துக் காட்டில் தலையில்லாத ஓர் உடல் கிடைத்தது. உள்ளூர் பிணவறைக்கு வந்தது. அங்கே இருந்த பிரேதப் பரிசோதனை மருத்துவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். உடலோடு கிடைத்த நகைகளைக் குறித்து வைத்தார். கையை எக்ஸ்-ரே எடுத்தார்.

நவம்பர் 15ஆம் தேதி கொங்காட்ஸேயின் நண்பர்கள் அந்த ஊருக்கு வந்தார்கள். நகைகள் அவருடையவைதான். எக்ஸ்-ரேயில் கைக்குள் உலோகத் துணுக்குகள் தெரிந்தன. 1993இல் அப்காசியப் போரைப் படம் பிடிக்கப் போனபோது கொங்காட்ஸேயின் உடலில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்திருந்தன. கணக்கு சரியாகப் பொருந்தியது. ஆனால் உடலை எடுத்துப்போக அவர்கள் ஏற்பாடு செய்வதற்குள், அதிகாரிகள் அதைப் பிணவறையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். காணாமல் போனவர் இரண்டாம் முறையும் காணாமல் போனார்!

பிறகு டி.என்.ஏ. சோதனைகள் பல நாடுகளில் நடந்தன. ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள்கூட வந்தன. 2001இல் அமெரிக்க நிபுணர்கள் உடல் அவருடையதே என்று உறுதி செய்தார்கள்.

இங்கேதான் நம் ஃபார்முலா தலைகீழாகிறது. கதையில் சின்ன ஊர்தான் ரகசியத்தை மூடி மறைக்கும். பட்டணத்திலிருந்து வருகிற ஹீரோ அதை உடைப்பார். நிஜத்தில் ரகசியம் பட்டணத்தினுடையது. அதைக் கொண்டுபோய்ப் புதைக்க ஒரு சின்ன ஊர் பக்கத்துக் காடு தேவைப்பட்டது. அங்கே அதை வெளியே கொண்டுவந்தது ஒரு சாதாரண ஊர் மருத்துவரின் எக்ஸ்-ரே பிலிம். ஹீரோயிசம் எதுவும் இல்லை. ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக எழுதினார், அவ்வளவுதான்.

4. சோபாவுக்கு அடியில் ஒரு ரெக்கார்டர்

நம் பிரிவுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். 2000 நவம்பர் 28 அன்று, எதிர்க்கட்சித் தலைவர் ஒலெக்சாண்டர் மொரோஸ் நாடாளுமன்றத்தில் சில ஒலிப்பதிவுகளைப் பற்றி அறிவித்தார். ஜனாதிபதியின் பாதுகாப்புப் பிரிவில் இருந்த மேஜர் மிகோலா மெல்னிசென்கோ, ஜனாதிபதி அறையில் சோபாவுக்கு அடியில் டிஜிட்டல் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததாகச் சொன்னார். குச்மாவின் குரல் போன்ற ஒரு குரல், கொங்காட்ஸேயைப் பற்றிக் கோபமாகப் பேசுவதும் அவரை என்ன செய்வது என்று ஆலோசிப்பதும் அதில் இருந்தன. குச்மா மறுத்தார். பதிவுகள் வெட்டி ஒட்டப்பட்டவை என்றார். மக்கள் "குச்மா இல்லாத உக்ரைன்" என்று தெருவில் இறங்கினார்கள்.

பதிவு உண்மையா, போலியா? எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய காந்த நாடாவில் வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் தடயம் இருக்கும். டிஜிட்டல் பதிவில் அசலும் நகலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் ஒரிஜினல் கருவி யார் கையில் இருந்தது, எப்போது கைமாறியது என்ற சங்கிலி முக்கியம். இன்னொரு உபாயமும் உண்டு. கரன்ட்டில் ஓடும் கருவிகளின் 50 ஹெர்ட்ஸ் 'ஹம்' பல பதிவுகளில் மெலிதாக விழுந்திருக்கும். அந்த அதிர்வெண் சரியாக 50இல் நிற்காது. நொடிக்கு நொடி துளி ஏறி இறங்கும். நடுவில் வெட்டி ஒட்டினால் அலையின் ஃபேஸ் சட்டென்று தாவும். லேபில் எரிச்சலோடு ஃபில்டர் போட்டுத் தள்ளுகிற 'ஹம்' கோர்ட்டில் சாட்சி சொல்லும், பார்த்தீர்களா!

ஆனால் இந்த வழக்கில் டெக்னாலஜி மட்டும் போதவில்லை. 2011 மார்ச்சில் குச்மா மீது கிரிமினல் வழக்கு தொடரப்பட்டது. சட்டவிரோதமாகத் திரட்டிய சாட்சியத்தின் மேல் குற்றச்சாட்டைக் கட்ட முடியாது என்று அதே ஆண்டு அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் வழக்கு கைவிடப்பட்டது.

5. கடைசி அத்தியாயம் எங்கே?

ஃபால்ட் ஃபைண்டிங் செய்யும்போது லோடிலிருந்து பின்னோக்கி சோர்ஸ் வரை போவோம் அல்லவா? இந்த வழக்கும் அப்படித்தான் பின்னோக்கி நகர்ந்தது.

செய்தவர்கள் யார்? 2008 மார்ச்சில் முன்னாள் போலீஸ்காரர்கள் மூவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

தலைமை தாங்கியவர் யார்? உள்துறை அமைச்சகத்தின் கண்காணிப்புப் பிரிவுத் தலைவராக இருந்த ஜெனரல் ஒலெக்சி புகாச். 2003இல் பிடிபட்டு, விடுவிக்கப்பட்டு, தலைமறைவானவர். 2009 ஜூலையில் ஒரு கிராமத்தில் மீண்டும் பிடிபட்டார். அவர் காட்டிய இடத்தில்தான் மண்டை ஓட்டின் துண்டுகள் கிடைத்தன. 2013 ஜனவரியில் அவருக்கு ஆயுள் தண்டனை.

அவருக்கு உத்தரவிட்டவர் யார்? முன்னாள் உள்துறை அமைச்சர் யூரி கிராவ்சென்கோ என்று 2010இல் அரசு வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். ஆனால் அவரைக் கேட்க முடியாது. 2005 மார்ச் 4 அன்று, வாக்குமூலம் தர வேண்டிய அதே நாளில், தலையில் இரண்டு குண்டுக் காயங்களோடு இறந்து கிடந்தார். தற்கொலை என்று முடிவு செய்யப்பட்டது.

அவருக்கும் மேலே யாராவது இருந்தார்களா? சர்க்யூட் இந்த இடத்தில் ஓப்பன் ஆகிவிட்டது. எந்தக் கோர்ட்டும் இதற்கு விடை சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் ஒரு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2005 நவம்பரில், மனைவி மிரோஸ்லாவா தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உக்ரைன் அரசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. ஆபத்து என்று முன்கூட்டியே சொன்னவரின் உயிரைக் காக்கத் தவறியதும், ஒழுங்காக விசாரிக்கத் தவறியதும் அரசின் குற்றம் என்றது. 1 லட்சம் யூரோ இழப்பீடு விதித்தது.

கொங்காட்ஸேயின் உடல் 2016 மார்ச்சில்தான் கீவில் அடக்கம் செய்யப்பட்டது. பதினைந்தரை ஆண்டுகள்! தாய் லெஸ்யா அதைப் பார்க்க இல்லை, 2013இலேயே காலமாகிவிட்டார். சஸ்பென்ஸ் நாவலில் இந்தக் காத்திருப்புக்கு ஒரு வரி ஒதுக்குவார்கள்: 'ஆண்டுகள் உருண்டோடின.' ஒரு தாய்க்கு அந்த ஒரு வரிதான் மிச்ச வாழ்க்கை முழுவதும்.

6. நமக்கு என்ன பாடம்?

முதலாவது, கதை எழுத ஆசைப்படும் நண்பர்களுக்கு. 'கொலைகாரன் யார்?' என்பதோடு நின்றுவிடாதீர்கள். 'சொன்னது யார்? தெரிந்தும் சும்மா இருந்தது யார்?' என்று இன்னும் இரண்டு படி ஏறுங்கள். உங்கள் கதைக்குத் தானாகவே கனம் வந்துவிடும். சின்ன ஊர்க்காரர்களை மட்டும் மர்ம முகங்களாகக் காட்டாதீர்கள். அவர்களில் ஒரு மருத்துவரும் இருக்கலாம்.

இரண்டாவது, நம் எல்லாருக்கும். நாளைக்கு நம்மில் ஒருவர் எக்ஸ்-ரே மெஷின் சர்வீஸ் செய்யப் போகலாம். ஒருவர் சர்வேயராகலாம். ஒருவர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் சூப்பர்வைசராகலாம். "இந்த ரீடிங்கைக் கொஞ்சம் மாத்திப் போடுப்பா" என்று யாராவது சொல்லும் நாள் வரும். நாம் எழுதும் ஓர் எண் என்றைக்கு யாருக்குச் சாட்சியாகும் என்று நமக்குத் தெரியாது. 

கொங்காட்ஸே தொடங்கிய அந்தப் பத்திரிகை நின்றுபோகவில்லை. 2016 ஜூலையில் அதில் எழுதிவந்த பாவெல் ஷெரெமெட் என்ற பத்திரிகையாளரும் கீவ் நகரில் கார் குண்டுக்குப் பலியானார். அதன் பிறகும் அது வந்துகொண்டிருக்கிறது. கேள்வி கேட்கிறவனைக் காணாமல் அடித்துவிடலாம் தோழர்களே, அவன் கேட்ட கேள்வியை அப்படிச் செய்ய முடியாது.

படிப்போம்! கேட்போம்! உள்ளதை உள்ளபடி எழுதுவோம்!