சிறுசேரியிலிருந்து உத்ரெக்ட்டுக்கு: சைக்கிள் ஏறும் முன்

கேளம்பாக்கத்தில் குடியிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போய்வந்தவருக்கு நெதர்லாந்தில் வேலை கிடைத்தால், ஆபீஸுக்கும் சைக்கிளிலேயே போக நேரலாம். அதற்கு முன் வேலை அனுமதி வேண்டும்: திறன்மிகு பணியாளர் அனுமதிக்கு அந்நாட்டுக் குடிவரவுத் துறை அங்கீகரித்த நிறுவனமே விண்ணப்பிக்க முடியும். அங்கீகாரப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துவிட்டு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நல்லது.

அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. அதைவிடத் தடுமாற வைப்பது பிரேக். பல சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். நம்மூர்ப் பழக்கத்தில் சும்மா பின்னால் சுழற்றினால் சடக்கென்று நின்று ஆளைத் தள்ளிவிடும். காலி இடத்தில் அரைமணி நேரம் ஓட்டிப் பழகலாம்.

இருட்டினால் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு கட்டாயம். 2019 ஜூலையிலிருந்து, ஓட்டும்போது கையில் செல்போன் பிடித்தாலே அபராதம். (சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை!)

உத்ரெக்ட் ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்தக் கூடத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கும். வரிசை எண்ணைப் போட்டோ எடுக்காதவர் தேடி அலைய வேண்டியதுதான். பூட்டு மட்டும் இரண்டு போடுவது நல்லது.