கணக்கேட்டைத் திருத்தினால் டீசல் மிச்சமாகுமா?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்துள்ள நம் படப்பையைக் கடந்து நாள்தோறும் எண்ணற்ற வாகனங்கள் செல்வதை நாம் காண்கிறோம். புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளும் அவற்றுள் அடங்கும். கார்த் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஒரகடம் நமக்கு மேற்கே அண்மையில்தான் இருக்கிறது. ஆயினும் ஒரு கார் ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? “ரீமேப் செய்தால் மைலேஜ் கூடும்” என்று இப்போது பட்டறைகளில் சொல்கிறார்கள். அது யாது, அதில் எவ்வளவு உண்மை என்பதை இங்கே காண்போம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அதே விதிதான் இங்கும். காற்றை மிகவும் அழுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். அச்சூட்டில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இவ்வகை எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். எவ்வளவு டீசலை, எந்த நொடியில் தெளிப்பது என்பதுதான் அன்று முதல் இன்று வரை உள்ள கேள்வி.

முன்பு இக்கேள்விக்கு விடை சொன்னது ஒரு இரும்புப் பம்ப். அதன் திருகைச் சற்றுத் திருகினால் டீசல் கூடும், குறையும். லாரி மெக்கானிக்குகள் ‘பம்ப் செட்டிங்’ என்று சொல்வது இதைத்தான். அளவு மிஞ்சினால் பின்னால் கரும்புகை கக்கும், ஊரே பார்த்துவிடும்.

இப்போதுள்ள எஞ்சின்களில் டீசல் முழுவதும் ஒரே பொதுக் குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் காத்திருக்கிறது. கார் டயரின் காற்றழுத்தம் இரண்டு பார் சொச்சம். இக்குழாயிலோ 1,600 பார் வரை இருக்கும். இம்முறையுடன் 1997-இல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 156 என்னும் கார் வெளிவந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய் 2002-இல் ஆக்சென்ட் காரில் இதை நம் நாட்டில் விற்றது. குழாயைத் திறந்து மூடும் கட்டளையை ஒரு சிறு கணினி கொடுக்கிறது.

அக்கணினி தானாகச் சிந்திப்பதில்லை. கணிதப் புத்தகத்தில் முக்கோணவியல் அட்டவணையைப் பார்த்து விடை எடுக்கிறோம் அல்லவா? அதுவும் அப்படியே செய்கிறது. ஒரு பக்கம் எஞ்சினின் சுழற்சி வேகம், மறு பக்கம் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்த அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இத்தனை மில்லிகிராம் டீசல் என்று எழுதியிருக்கும். இடைப்பட்ட அளவுக்குப் பக்கத்துக் கட்டங்களைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளும். தெளிக்கும் நேரத்துக்கு ஓர் அட்டவணை, டர்போ தள்ளும் காற்றுக்கு ஒன்று, புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பும் வால்வுக்கு ஒன்று எனப் பல உண்டு. இவ்வட்டவணைகளுக்கு ‘மேப்’ என்று பெயர். இவற்றைத் திருத்தி எழுதுவதே ரீமேப்.

எண்களை மாற்றினால் எஞ்சினே மாறுமா என்று வியக்கத் தோன்றும். நம் ஒரகடத்திலேயே சான்று உண்டு. 2010-இல் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் கூட்டுத் தொழிற்சாலையில் 1,461 சிசி டீசல் எஞ்சின் பொருத்திய கார்கள் பல உருவாயின. அதே அளவு எஞ்சின் நிசான் மைக்ராவில் 64 குதிரைத்திறன் தந்தது. 2012-இல் வந்த ரெனோ டஸ்டரில் 85 என்றும் 110 என்றும் இருவகையாகத் தந்தது. ஆனால் இது முழுக்க எண்களின் மாயம் என்று கொள்ளக் கூடாது. 110 குதிரைத்திறன் வண்டிக்கு இதழ்கள் திரும்பி அமையும் வேறு டர்போவும் ஆறு கியர்ப் பெட்டியும் கொடுத்திருந்தார்கள். உறுப்பை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றும் பட்டறைக்காரர், தொழிற்சாலை கையிருப்பாக விட்டுவைத்த இடைவெளியில்தான் கை வைக்கிறார். மட்டமான டீசல், மே மாத வெயில், மலை ஏற்றம், பத்தாண்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்காக விட்ட இடைவெளி அது.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? டீசலைச் சற்று முன்னதாகவே தெளித்தால் அது நன்கு எரிந்து அதிக வேலை செய்யும். ஆனால் உள்ளே வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். இது கண்ணுக்குக் கரும்புகைபோல் தெரியாது; மூச்சுக்குழலை அரிக்கும். காசநோயாளிகள் நல்ல காற்றில் தேற வேண்டும் என்று 1928-இல் சானடோரியம் தொடங்கிய தாம்பரம் இதே சாலைகளின் அருகில்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. புகைச் சான்றிதழ் கொடுக்கும் நிலையத்தில் டீசல் வண்டியின் புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டுமே பார்க்கிறார்கள். ஆகவே திருத்தப்பட்ட வண்டியும் அங்கே தேறிவிடக்கூடும்.

பெரிய நிறுவனமே இவ்விடத்தில் தவறியது. சோதனைச் சாலையில் ஒரு விதமாகவும் தெருவில் வேறு விதமாகவும் நடக்கும்படி ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் கணினியில் எழுதியிருந்ததை 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்ததும் ரெனோ, மாருதி போன்றவை டீசல் கார் விற்பனையை நிறுத்திவிட்டன. பழைய கார்களோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை அத்தகைய சிறு டீசல் காரை டாக்ஸியாக ஓட்டுகிறார். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடுவது 20 ஆகும், கூலி 18,000 ரூபாய் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். “மாசம் ஆயிரத்தைந்நூறு மிச்சமானா உன் டியூஷன் பீஸ் அதிலேயே போயிடும்மா” என்று அவர் மகளிடம் சொன்னாராம். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட 18-க்கு 166.7 லிட்டர் வேண்டும். 20-க்கு 150 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் எனக் கொண்டால் மிச்சம் சுமார் 1,530 ரூபாய். கூலி திரும்ப ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஆனால் கூடுவது நூற்றுக்கு ஐந்து மட்டும் என்றால் மிச்சம் 730 ரூபாய். கூலி திரும்ப இரண்டாண்டுக்கு மேல். அதற்குள் டர்போவோ கிளட்சோ கெட்டால் கணக்கே தலைகீழ்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரம் ஆலை குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பட்டறையில் இதைச் சொல்வதில்லை போலும்!

எங்களை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. வண்டியின் முகப்பில் தெரியும் ‘மைலேஜ்’ எண்ணையும் அதே கணினிதான் சொல்கிறது. எவ்வளவு தெளிக்கச் சொன்னோம் என்பதைக் கூட்டித்தான் அது அவ்வெண்ணைக் காட்டுகிறது, தொட்டியை அளப்பதில்லை. குழாய் எவ்வளவு நேரம் திறந்திருந்தால் எவ்வளவு டீசல் வரும் என்ற அட்டவணையைத் திருத்திவிட்டால், உண்மையில் அதிகம் செலவானாலும் குறைவாகக் காட்டும். மாணவியே தன் விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்வது போன்றது இது.

எனவே அளக்கும் வழி ஒன்றுதான். ஒரே பங்கில், பைப் தானாக நிற்கும் வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். அடுத்த முறை அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு முறை போதாது. ஆள் சுமை, ஏசி, பெருங்களத்தூர் நெரிசல் எல்லாம் எண்ணை மாற்றும்.

தோழி தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதைத் தொடங்கியிருக்கிறாள். முதல் முறை 486 கிலோமீட்டருக்கு 27.2 லிட்டர், வகுத்தால் 17.9. முகப்பில் தெரிந்ததோ 19.4. பிறகு கதவோரத்தில் ஒட்டியிருந்த அளவுப்படி நான்கு டயருக்கும் காற்றடித்து, காற்று ஃபில்டரையும் மாற்றினார்கள். இரண்டாம் முறை 512 கிலோமீட்டருக்கு 27.4 லிட்டர், அதாவது 18.7. மூன்றாவது நிரப்பலையும் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் பதில் சொல்வதாக அவள் தந்தை கூறியிருக்கிறார்.