முதலில் தலைமையாசிரியையிடம் பேசுங்கள்

கேள்வி: தாம்பரம் அருகே ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த ஆண்டு ‘கவுன்சலர்’ பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் பயிற்சி, அவ்வளவுதான். பிள்ளைகள் யாரும் வருவதில்லை. வந்த ஓரிருவர் என்ன சொன்னார்கள் என்று தலைமையாசிரியை மறுநாளே கேட்கிறார். பெற்றோரைக் கூப்பிட்டால், “எங்க பொண்ணுக்கு என்ன பைத்தியமா?” என்று சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?

– ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், பிள்ளைகள் வராததற்கு உங்கள் பயிற்சிக் குறைவு காரணமல்ல. திங்கட்கிழமை விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்தவரிடம், அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பதைச் செவ்வாய்க்கிழமை எந்தப் பிள்ளை சொல்லும்? சொன்னது தலைமையாசிரியை அறைக்குப் போகும் என்றால் வாயே திறக்காது.

ஆகவே முதல் பேச்சு தலைமையாசிரியையோடுதான். பிள்ளை சொன்னது உங்களோடு நிற்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். மூன்று விலக்குகள் இருக்கட்டும்: பிள்ளைக்குத் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பது, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, பாலியல் தொல்லை. கடைசி விஷயத்தில் உங்கள் இருவருக்குமே வேறு வழி கிடையாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘பள்ளிக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்வோம்’ என்பது சட்டப்படி குற்றம். இந்த விலக்குகளைப் பேச்சைத் தொடங்கும் முன்பே பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள்.

அடுத்து, உங்கள் வகுப்புப் பிள்ளைகளை நீங்கள் பார்க்க வேண்டாம். இன்னொரு ஆசிரியரோடு மாற்றிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது பி.டி. சாரிடம்தான், அவர் மதிப்பெண் போடுவதில்லை.

பள்ளிகளில் தகுதியான ஆலோசகர் இல்லாதது புதிய குறையும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலர்கள் வேண்டும் என்று 1953லேயே சொல்லிவிட்டது. 1966இல் கோத்தாரி குழு, பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது வந்துபோகட்டும் என்று இறங்கிவந்து கேட்டது. இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள எந்தக் கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும். இரண்டு நாள் பயிற்சி பெற்ற கணக்கு டீச்சர் அந்தத் தகுதிக்குள் வரமாட்டார். தீர்ப்பை அச்செடுத்து நிர்வாகத்திடம் கொடுங்கள். உங்களைப் போட்டதோடு கடமை முடிந்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

பெற்றோர் விஷயம். ஓ.எம்.ஆரிலோ மெப்ஸிலோ வேலையில் இருப்பவருக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்கும். எடுத்த எடுப்பில் ‘மனஅழுத்தம்’ என்றால் சண்டைக்குத்தான் வருவார்கள். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையும் அல்ல. கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “மூணு வாரமா மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கறதே இல்ல. பழைய தோழிங்களோட பேசறதில்ல. வீட்ல தூங்கறாளா?” இப்படிக் கேட்டால் பெரும்பாலும் அம்மாதான் முதலில் பேசுவார். பிறகு 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கொடுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்; அக்கம்பக்கத்துக்குத் தெரியுமே என்ற பயமும் வேண்டாம். நேரில் காட்ட வேண்டுமென்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். உயிரை விட்டுவிடுவேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம். தனியே விடாதீர்கள், அன்றைக்கே பெற்றோரை நேரில் வரவழையுங்கள்.

தகுதியான ஆள் வரும்வரை வாரத்துக்கு நான்கு பீரியடாவது உங்களுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். கதவு உள்ள ஓர் அறையும் கேளுங்கள். இரண்டையும் மறுத்தால், இந்தப் பொறுப்பை ஏற்க இயலாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.